மனித உடற்கூறு கண்காட்சி, சேலம்: காசு கொடுத்துப் பார்க்கலாமா?

ஐம்பது ரூபாய் டிக்கெட்டுக்கு மூன்று மணி நேரம் பார்க்க விஷயம் இருக்கிறது. தியேட்டரில் பாப்கார்ன் வாங்கக்கூட அந்தக் காசு பத்தாது. அதனால் போகலாம். ஆனால் போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் உண்டு. அதை அங்கே யாரும் சொல்வதில்லை.

நடத்துவது சேலத்துக்கு வெளியே உள்ள ஒரு மருத்துவக் கல்லூரி. குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் போடவில்லை. ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும். சில நாட்களுக்கு மட்டும் உடற்கூறியல், நோய்க்குறியியல் துறைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்கள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு மேசைக்கு மேசை நின்று விளக்குகிறார்கள். பள்ளி மாணவர்களுக்கு முப்பது ரூபாய். எனக்கு பி.எஸ்சி. என்பதால் முழு டிக்கெட். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டிப் பார்த்தேன், கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நான் விலங்கியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் வகுப்பில் தவளை அறுப்பதெல்லாம் பழைய கதை. இப்போது எல்லாமே படமும் திரையும்தான். கூட வருவதாகச் சொன்ன தோழிகள் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டதால் அப்பா வந்தார். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை அவருக்கு. ஞாயிறு லீவு. "நான் எதுக்கு பாப்பா அங்க, எனக்கு என்ன புரியப்போகுது" என்று பழைய பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். உள்ளே போனபிறகு என்னைவிட அதிகம் கேள்வி கேட்டவர் அவர்தான்.

வாசலிலேயே செல்போனை அணைத்துப் பையில் போடச் சொல்கிறார்கள். படம் எடுத்தால் வெளியே அனுப்பிவிடுவார்களாம். எனக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பையன்கள் முணுமுணுத்தார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கண்காட்சியில் மிகச் சரியாகச் செய்த காரியம் இதுதான். உள்ளே படுத்திருப்பவர்கள் யாருடைய ஸ்டேட்டஸிலும் வருவதற்குச் சம்மதம் சொன்னவர்கள் இல்லை.

முதல் அறை எலும்பு. இங்கே கூட்டம் வேகமாக நகரும், ஏனென்றால் எலும்புக்கூட்டை எல்லோரும் எங்கேயாவது பார்த்திருக்கிறார்கள். நகர்ந்துவிடாதீர்கள். மூலையில் தொங்குகிற வெள்ளை எலும்புக்கூடு பிளாஸ்டிக். மேசையில் துணி விரித்துத் தனித்தனியாக வைத்திருப்பவை நிஜம். பார்த்தாலே தெரியும்: பழுப்பேறிய மஞ்சள், மூட்டு முனைகளில் தேய்மானம், மண்டையோட்டில் வளைந்து நெளிந்து ஓடுகிற தையல் கோடுகள். ஒரு காலத்தில் உலகத்தின் மருத்துவக் கல்லூரிகளுக்கெல்லாம் எலும்புக்கூடு இந்தியாவிலிருந்துதான் பெருமளவில் போனது. 1985இல் ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். அதை அந்த மேசையில் நின்ற பையன் சொன்னபோது சுற்றி நின்றவர்கள் சட்டென்று ஒரு அடி பின்னால் போனார்கள். அதுவரை கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

அப்பா நின்றது பாதத்து எலும்புகள் முன்னால். ஒரு பாதத்தில் 26. இரண்டு பாதத்துக்கும் சேர்த்து 52. மொத்த 206இல் கால் பங்கு காலடியிலேயே இருக்கிறது. அங்கே விளக்கிக்கொண்டிருந்த பெண், இரண்டாம் ஆண்டு படிக்கிறவள், பேச்சில் கோயம்புத்தூர் பக்கம், கோர்த்து வைத்த பாதத்தை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள். அவர் முதலில் தேடியது கணுக்கால் முண்டை. கொலுசு செய்கிறவருக்கு அதுதானே முக்கியம்! பத்து அங்குலமா பத்தரையா என்று ஆயுசு முழுக்க அளவு பார்த்த இடம். "இந்த உருண்டை எங்கம்மா போச்சு?" என்றார்.

பாதத்தில் அது இல்லை. அந்தப் பெண் கால் எலும்புகள் இரண்டையும் எடுத்து மேலே பொருத்திக் காட்டினாள். உள்பக்கம் துருத்துகிற முண்டு டிபியாவின் அடிமுனை. வெளிப்பக்க முண்டு ஃபிபுலா என்கிற மெல்லிய எலும்பின் அடிமுனை. இரண்டும் முழங்காலிலிருந்து இறங்கி வருகிற எலும்புகளின் நுனிகள். பாதத்து எலும்பை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்திருக்கின்றன. இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை என்பதையும் காட்டினாள்: வெளிமுண்டு கொஞ்சம் தாழ்ந்தும் கொஞ்சம் பின்னால் தள்ளியும் இருக்கிறது. அப்பா செருப்பைக் கழற்றித் தன் காலையே தடவிப் பார்த்தார். "அதனாலதான் கொலுசு வெளிப்பக்கம் சரிஞ்சு விழுது. நான் வளையம் சரியில்லைன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். அதற்கு அந்தப் பெண், "அப்படியும் இருக்கலாங்க அங்கிள், எங்களுக்குக் கொலுசு பத்தி சிலபஸ்ல இல்ல" என்று சொல்லிச் சிரித்தாள். அவர் கொலுசைப் பற்றிப் போட்ட கணக்கு சரியோ தப்போ, ஐம்பது ரூபாயில் பாதி அந்த மேசையிலேயே வசூலாகிவிட்டது.

காது எலும்புகளையும் தவறவிடாதீர்கள். ஒரு கறுப்பு அட்டையில் மூன்றையும் ஒட்டி மேலே பூதக்கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அங்கவடி எலும்பு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான். பாடப் புத்தகத்தில் அரைப் பக்கத்துக்குப் பெரிதாக்கி வரைந்திருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அட்டையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்றே முதலில் தெரியாது.

அடுத்தது ஜாடிகள். நீளமான ஹால், இரண்டு பக்கமும் அலமாரி, கண்ணாடி ஜாடிகளுக்குள் உறுப்புகள். இங்கேதான் எனக்கு உறைத்தது: புத்தகத்தில் கல்லீரல் செம்பழுப்பு, பித்தப்பை பச்சை, தமனி சிவப்பு, சிரை நீலம். ஜாடியில் எல்லாமே சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரே நிறம். ஃபார்மலினில் கிடந்தால் இரத்தத்தின் நிறம் போய்விடும். நிறத்தை வைத்து அடையாளம் கண்டுபிடித்துப் பழகியவர்கள் இங்கே வடிவத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் லேபிளைக் கையால் மறைத்துக்கொண்டு வரிசையாகப் பார்த்தேன். நுரையீரல் எளிது, மூன்று மடல் என்றால் வலது, இரண்டு என்றால் இடது. மண்ணீரல் என்னைப் படுத்திவிட்டது. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற தம்பி தங்கைகள் இதைச் செய்து பார்க்கலாம்.

குறுக்கே வெட்டி வைத்த இதயம் ஒன்று இருக்கிறது. இடது கீழறைச் சுவர் வலதைவிட மூன்று மடங்கு தடிமன். ஒன்று உடம்பு முழுக்கத் தள்ள வேண்டும், மற்றது பக்கத்திலிருக்கிற நுரையீரலுக்குத் தள்ளினால் போதும். இந்த வாக்கியத்தைப் பரீட்சையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். வெட்டிய இதயத்தில் அந்தச் சுவரைப் பார்த்தபோதுதான் எழுதியதற்கு ஒரு உருவம் கிடைத்தது. வால்வுகளைத் தாங்கிப் பிடிக்கிற மெல்லிய நாண்கள்கூட அறுபடாமல் இருக்கின்றன. வெட்டியவர் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்.

இதே ஹாலில்தான் எனக்குக் கோபம் வந்ததும். புகைபிடித்தவர் நுரையீரல், புகைபிடிக்காதவர் நுரையீரல் என்று இரண்டு ஜாடி. ஒன்று கறுப்பு, ஒன்று வெளுப்பு. அந்த மேசையில் நின்ற பையன் பள்ளிப் பிள்ளைகளை மிரட்டிக்கொண்டிருந்தான். சிகரெட் கெடுதல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஜாடியில் வயது இல்லை, என்ன வேலை செய்தவர் என்று இல்லை, எந்த வியாதியில் இறந்தார் என்றும் இல்லை. நுரையீரலில் கரி படிவது சிகரெட்டால் மட்டும் வருவதில்லை. விறகு அடுப்புப் புகை, வண்டிப் புகை, சுரங்கத் தூசி எல்லாவற்றாலும் படியும். நகரத்தில் பல வருஷம் இருந்தவர்களுக்குப் புகைபிடிக்காமலேயே கறுப்புப் புள்ளிகள் இருக்கும். பயமுறுத்துவதற்காக வைத்த ஜாடியில் பாடம் பாதிதான் இருக்கிறது.

அப்பா அந்தப் பையனிடம் கேட்டார்: "தம்பி, நாங்க வெள்ளியில பொடி வச்சு நெருப்பு ஊதிப் பத்த வைக்கிறோம். அந்தப் புகையும் இப்படித்தான் படியுமா?" அவன் முழித்தான். ஆனால் சமாளிக்காமல், "இருங்க சார்" என்று ஓடிப்போய் அவனுடைய பேராசிரியையைக் கூட்டிக்கொண்டு வந்தான். அதற்காக அவனுடைய மிரட்டலை மன்னித்துவிட்டேன். அந்த அம்மா நாற்காலி போட்டு அப்பாவை உட்கார வைத்துப் பேசினார். கேட்மியம் என்று ஒரு உலோகம், பற்றவைக்கிற கலவையில் அதைச் சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே உருகும், வேலை சுலபம். முன்பு நகைக்கடைப் பலகைகளில் கேடிஎம் என்று போட்டிருப்பார்களே, அதுவே இந்தக் கேட்மியம்தான். உருகும்போது வருகிற ஆவி நுரையீரலைத் தாக்கும். வருஷக்கணக்கில் சுவாசித்தால் கிட்னியையும் கெடுக்கும். கிட்னியில் ஒருமுறை சேர்ந்தால் சீக்கிரம் வெளியேறாது. இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய், அலமாரியிலிருந்து சுருங்கிப்போன ஒரு கிட்னியை எடுத்து வந்து, நல்ல கிட்னிக்குப் பக்கத்தில் வைத்தார். "இது கேட்மியத்தால் ஆனதுன்னு நான் சொல்ல மாட்டேன், சர்க்கரை நோயாளியோடது. கிட்னி கெட்டா எப்படி ஆகும்னு பாக்கத்தான்" என்றார். புகைபிடித்தவர் ஜாடிக்கு இல்லாத நேர்மை இந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

எங்கள் பொடியில் அது கிடையாது என்று அப்பா சொன்னார். பொடி கொடுக்கிறவரிடம் கேட்டுப் பார்த்துவிடுங்கள், எதற்கும் ஜன்னல் பக்கம் புகை இழுக்கும் ஃபேன் போடுங்கள் என்றார் அந்த அம்மா. சேலத்தில் கண்காட்சி நடத்துகிறார்கள், ஊரில் வெள்ளிப் பட்டறை, தறி, சேகோ ஆலை என்று இவ்வளவு தொழில் இருக்கிறது. தொழிலாளி உடம்புக்கென்று ஒரே ஒரு மேசை போட்டிருக்கக் கூடாதா? எங்களுக்குக் கிடைத்தது நிகழ்ச்சி நிரலில் இல்லாத இருபது நிமிடம். அதுதான் மொத்தக் கண்காட்சியிலும் உருப்படியான பகுதி.

சிசுக்கள் இருக்கிற அறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாரக் கணக்கில் வரிசையாக வளர்ச்சியைக் காட்டுகிறார்கள். சதையைக் கண்ணாடி போலத் தெளிவாக்கி எலும்புக்கு மட்டும் அலிசரின் என்ற சாயத்தில் சிவப்பேற்றிய ஒரு சிசு உண்டு. எங்கெங்கே எலும்பு உருவாகத் தொடங்கிவிட்டது, எங்கே இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கிறது என்பது அதில் பளிச்சென்று தெரியும். பிறவிக் குறைபாடுள்ள சிசுக்களும் இருக்கின்றன. அங்கே கிரகணம், பாவம், சாபம் என்று கூட்டத்தில் பேச்சு கிளம்பியது. மேசையில் நின்ற மாணவி குரலை உயர்த்தாமல், மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய் கரு உண்டான 28 நாளுக்குள் மூடிக்கொள்ளும், பல பெண்களுக்கு அப்போது தாங்கள் கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது, அதனால்தான் ஃபோலிக் அமில மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே எடுக்கச் சொல்கிறோம் என்று விளக்கினாள். புதுத்தாலிக் கயிறோடு வந்திருந்த ஒரு அக்கா அந்த மாத்திரை பெயரைக் கையில் எழுதிக்கொண்டார். கர்ப்பிணிகளும் சமீபத்தில் குழந்தையை இழந்தவர்களும் இந்த அறையைத் தாண்டிப் போய்விடலாம், பக்கவாட்டில் வழி இருக்கிறது. அப்படி ஒரு வழி இருப்பதாக வாசலில் ஒரு பலகை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

கடைசி ஹால்தான் எல்லோரும் வருவதற்குக் காரணம். உடல்கள்.

கதவுக்குப் பத்தடி முன்னாலேயே கண் எரியத் தொடங்கும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு போங்கள். ஃபார்மால்டிஹைடு வாயுவைத் தண்ணீரில் கரைத்ததுதான் ஃபார்மலின். பதப்படுத்தும்போது அதோடு வேறு சிலவற்றையும் கலந்து தமனி வழியாக உடம்பு முழுக்க ஏற்றுகிறார்கள். முதல் மேசையில் இருந்த உடலின் தொடையில் அதற்குப் போட்ட வெட்டும் தையலும் அப்படியே தெரிகிறது. வாசனைக்குப் பயந்து முகக்கவசம் போட்டுப் போனாலும் துணி மாஸ்க் இந்த வாயுவைத் தடுக்காது. இவ்வளவு பெரிய ஹாலில் வெளியேற்றும் ஃபேன் இரண்டுதான் ஓடியது. பத்து நிமிடம் நின்று, வெளியே வந்து மூச்சு வாங்கி, மறுபடி உள்ளே போங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள்.

முகத்தைத் துணியால் மூடியிருக்கிறார்கள். ஆண் உடல் இரண்டு, பெண் உடல் ஒன்று. பெண்ணின் மேசையை விளக்கியது பெண்கள் மட்டும். மார்பையும் வயிற்றையும் அடுக்கடுக்காகத் திறந்து காட்டுகிறார்கள்: தோல், அதற்கடியில் மஞ்சள் கொழுப்பு, தசை, அப்புறம் உள்ளே.

நான் பார்க்க நினைத்தது சிறுகுடல். ஆறு மீட்டர் நீளம் என்று படித்திருக்கிறேன். இவ்வளவு நீளம் சிக்கல் விழாமல் வயிற்றுக்குள் எப்படிக் கிடக்கிறது என்று எந்தப் படமும் எனக்குச் சொன்னதில்லை. படங்களில் குடல் சும்மா மடித்துப் போட்டிருக்கும். அங்கே நின்ற மாணவர் இடுக்கியால் குடலின் ஒரு சுற்றைத் தூக்கினார். அதன் பின்னால் ஒரு மெல்லிய சவ்வு கூடவே எழுந்து வந்தது. மெசென்ட்ரி. அது முதுகுப்புறச் சுவரில் பிடித்திருக்கிற அடிப்பகுதி சுமார் 15 சென்டிமீட்டர்தான். அங்கிருந்து விரிந்து விரிந்து ஆறு மீட்டர் குடலையும் தன் ஓரத்தில் தாங்குகிறது. அம்மா பட்டுப்புடவைக்குக் கொசுவம் வைத்து இடுப்பில் ஒரு பிடிக்குள் செருகுவது இதே கணக்குதான். அந்தச் சவ்வுக்குள்ளேதான் குடலுக்குப் போகிற இரத்தக் குழாய்கள் எல்லாம் ஓடுகின்றன. அவர் சுற்றைக் கீழே விட்டதும் சவ்வு தானாக மடிந்து பழைய இடத்தில் உட்கார்ந்தது. மூன்று தடவை தூக்கிக் காட்டச் சொன்னேன், முகம் சுளிக்காமல் காட்டினார்.

புத்தகம் காட்டாதது இதைத்தான். அங்கே ஒவ்வொரு உறுப்பும் வெள்ளைப் பக்கத்தில் தனியாக மிதக்கும். இங்கே எதுவும் தனியாக இல்லை. எல்லாம் எதனோடாவது ஒட்டி, எதையாவது போர்த்தி, கொழுப்புக்குள் புதைந்து கிடக்கிறது. ஒரு நரம்பை வெளியே எடுக்க மாணவர்கள் ஒரு வாரம் சுரண்டுவார்களாம். தொடையின் பின்பக்கம் சியாட்டிக் நரம்பைப் பிரித்து வைத்திருந்தார்கள். நரம்பு என்றால் நூல் மாதிரி என்று நினைத்திருப்பவர்கள் கட்டாயம் பாருங்கள். என் கட்டைவிரல் அகலம் இருந்தது. உடம்பிலேயே தடிமனான நரம்பு அது. சயாட்டிகா வலி இடுப்பிலிருந்து கால் வரைக்கும் ஏன் இழுக்கிறது என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை.

குடல்வாலைத் தேடிய கதையும் உண்டு. படத்தில் பெருங்குடல் தொடங்குகிற இடத்திலிருந்து அது அழகாகக் கீழே தொங்கும். இந்த உடலில் அங்கே ஒன்றும் இல்லை. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்களோ என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். மாணவர் குடலை மெதுவாகப் புரட்ட, அதற்குப் பின்னால் மேல்நோக்கி ஒட்டிக்கொண்டிருந்தது. பல பேருக்கு இப்படிப் பின்னால்தான் இருக்குமாம். வலி ஆளுக்கு ஆள் வேறு இடத்தில் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்பாவுக்கு இங்கேயும் ஒரு கேள்வி இருந்தது. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து வேலை பார்ப்பதால் இடுப்பு வலி. அதைக் கிட்னி வலி என்று பட்டறையில் யாரோ சொல்லிவிட்டார்கள். கிட்னி எங்கே என்று கேட்டார். பக்கத்து மேசையில் முதுகுப் பக்கம் திறந்திருந்த உடலில் காட்டினார்கள்: பெல்ட் கட்டுகிற இடத்தில் இல்லை, அதற்கு நன்றாக மேலே, கடைசி விலா எலும்புகளுக்கு அடியில் பாதி ஒளிந்திருக்கிறது. வலது கிட்னி கல்லீரலுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் இறங்கியிருக்கும். அப்பா தன் முதுகில் கைவைத்து அளந்து பார்த்து, "அப்ப எனக்கு வலிக்கறது வேற" என்றார். டாக்டரிடம் காட்டுங்கள் என்று அவர்கள் சொன்னதை நானும் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

ஹால் முடிகிற இடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பிளாஸ்டினேஷன் செய்த ஒரு கையும் ஒரு இதயமும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் 1977இல் குந்தர் ஃபொன் ஹாகென்ஸ் கண்டுபிடித்த முறை. உறுப்பில் இருக்கிற தண்ணீரையும் கொழுப்பையும் கடுங்குளிரில் அசிட்டோன் வைத்து வெளியேற்றி, வெற்றிடத்தில் அந்த அசிட்டோனைக் கொதித்து ஆவியாக விட்டு, அது விட்டுச்சென்ற இடத்தில் சிலிக்கோனை நுழைய வைப்பார்கள். வாசனை கிடையாது, ஈரம் கிடையாது, கண் எரியாது, கையுறை இல்லாமல் தொடலாம். அதன் பெருமையே தொட்டுப் பார்க்கலாம் என்பதுதான். அதைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டு போட்டிருக்கிறார்கள்! சாவி யாரிடம் என்று கேட்டேன், துறைத் தலைவரிடம் என்றார்கள்.

வெளியே வருகிற வழியில் உடல்தான மேசை. பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள், அதனால் பாதிப் பேர் பார்க்காமலே போகிறார்கள். என் கணக்கில் இது டிக்கெட் கவுன்டருக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். உள்ளே மூன்று மணி நேரம் நாம் பார்த்த உடல்கள் யாருடையவை, எப்படி இங்கே வந்தன என்பதை இந்த மேசையில்தான் முதன்முதலாகச் சொல்கிறார்கள். சிலர் உயிரோடு இருக்கும்போதே படிவம் எழுதிக் கொடுத்தவர்கள். சிலர் உரிமை கோர யாரும் வராதவர்கள். அப்படிப்பட்ட உடல்களைக் கல்லூரிகளுக்குக் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. இரண்டாம் வகையினரிடம் யாரும் கேட்டதில்லை. இது தெரிந்து உள்ளே போனால் கூட்டத்தில் அந்தச் சிரிப்பும் கிண்டலும் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மேசையில் இருந்தவர் பொறுமையாகப் பதில் சொன்னார். உறுப்புதானம் வேறு, உடல்தானம் வேறு. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து இதயம், கிட்னி எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துவது உறுப்புதானம்; 2023 செப்டம்பரில் தமிழக அரசு அரசு மரியாதை அறிவித்தது இவர்களுக்குத்தான். உடல்தானம் மாணவர்கள் படிப்பதற்கு. பிரேதப் பரிசோதனை செய்த உடலைப் பொதுவாக எடுப்பதில்லை. கண்தானம் செய்திருந்தால் பிரச்சினை இல்லை, ஆனால் கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். படிவம் எழுதி வைத்தாலும் இறந்தபிறகு வீட்டார் மறுத்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் கையெழுத்துப் போடுவதைவிட வீட்டில் சொல்லி வைப்பது முக்கியம் என்றார்.

அப்பா படிவத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நெசமாவாப்பா?" என்றேன். "வாங்கத்தான் வாங்கியிருக்கேன். உங்கம்மாகிட்ட நீயே சொல்லு" என்றார். இன்னும் யாரும் சொல்லவில்லை. படிவம் டிவி ஸ்டாண்டுக்கு அடியில் கரன்ட் பில்லோடு இருக்கிறது.

பெரிய குறை ஒன்று பாக்கி. ஜாடிகள், மேசைகள், சுவரொட்டிகள் எல்லாவற்றிலும் ஆங்கிலம் மட்டும்தான். வருகிறவர்களில் முக்கால்வாசி அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும். விளக்குகிற மாணவர் நன்றாகத் தமிழில் பேசுகிறவராக இருந்தால் தப்பித்தீர்கள். வெளி மாநிலப் பிள்ளைகள் நிற்கிற மேசையில் பாவம், அவர்களும் தவிக்கிறார்கள், கேட்கிறவர்களும் தவிக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்புத் தமிழ் வழி விலங்கியல் புத்தகத்தில் இந்தப் பெயர்கள் அத்தனையும் இருக்கின்றன. ஒரு நாள் உட்கார்ந்து எழுதினால் முடிந்துவிடும் வேலை.

மற்றபடி கழிப்பறை சுத்தம். குடிநீர் இருக்கிறது. சக்கர நாற்காலி போக எலும்பு அறைக்கும் ஜாடி ஹாலுக்கும் சரிவுப் பாதை உண்டு, உடல்கள் இருக்கிற ஹால் மாடியில், லிஃப்ட் அன்று ஓடவில்லை. உள்ளே விற்கிற பஜ்ஜியை வாங்க வேண்டாம், எண்ணெய் மட்டமானது. மூன்று மணி நேரம் ஃபார்மலின் மோந்துவிட்டு எப்படியும் பசிக்காது என்பார்கள். எங்களுக்குப் பசித்தது, ஊருக்குள் வந்து தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டோம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அந்த மூன்றரையும் விளக்கிய பிள்ளைகளுக்கும் அந்தப் பேராசிரியைக்கும்தான். பத்து வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தைகளை எலும்பு அறையோடு திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். ஞாயிறு வேண்டாம், நெரிசலில் மேசைகிட்டே போக முடியாது. வார நாளில் மதியம் இரண்டரைக்கு மேல் போனால் பள்ளி வேன்கள் கிளம்பியிருக்கும், கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்வார்கள். கேட்க வேண்டியதை வீட்டிலேயே ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள், போனைத்தான் எடுக்க விட மாட்டார்களே.